இரண்டாம் நாள் பெட்டி

கொக்கோப் பண்ணையில் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். புளிக்கவைக்கும் பெட்டியின் பலகையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "நாப்பத்தி நாலு" என்பாள். உண்மையான தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால் நாற்பத்து நாலோ நாற்பத்தைந்தோ காட்டும். நாற்பத்தைந்து காட்டினால் தெர்மாமீட்டர் பழுது என்று சொல்லிவிடுவாள்.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டிகள் இருக்கும் கொட்டகை அவள் கையில் இருந்தது. பழத்தை உடைத்து, கொட்டைகளை வெள்ளைச் சதையோடு வழித்து மரப்பெட்டியில் கொட்டுவார்கள். மேலே வாழையிலை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பலகை மூடி. மூடியில் சாக்பீஸால் தேதி. அதற்குப் பிறகு முழுதாக இரண்டு நாள் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. மூன்றாம் நாள் காலையில் அவளே திறந்து, மரத் துடுப்பால் கொட்டைகளை அடுத்த பெட்டிக்குப் புரட்டிப் போடுவாள். ஒரு மணி நேரம் முன்னால் திறந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும் சூடு இறங்கிவிடும், கொட்டை அரைவேக்காடாகிவிடும், சாக்லேட் என்ற பெயரில் ஜனங்கள் மரத்தூளைத் தின்ன வேண்டிவரும் என்பது அவள் சட்டம். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், "கொட்டைதான் போட்டுச்சு, போய்க் கேளு" என்பாள்.

இந்தச் சட்டம் தெரியாதவர்கள் எல்லாரும் அவளுக்கு முட்டாள்கள். அதாவது உலகம் முழுக்க. முட்டாள்களில் முதலிடம் இளைய முதலாளிக்கு. அப்பா போன பிறகு பண்ணைக்கு வந்தவர், மரங்களை ஒரே ஒரு தடவை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அலையாத்திக் காடும் சாக்லேட் தோட்டமும், ஒரே நாளில்' என்று ஆற்றங்கரையில் ஒரு பலகை நட்டார். காலையில் படகில் ஏற்றிச் சதுப்புக் காட்டைக் காட்டுவது, மத்தியானம் பண்ணைக்குக் கொண்டுவருவது. படகு ஓட்டியது அவள் புருஷன். ஆக, காலையில் புருஷனிடம் ஏமாந்த அதே பன்னிரண்டு பேர் மத்தியானம் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

முட்டாள்களில் இரண்டாம் இடம் புருஷனுக்கு. அவரை அவள் முகத்துக்கு நேராகவே புளுகுமூட்டை என்பாள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "மூட்டையில ஓட்டை இல்லாம பார்த்துக்கிட்டா போதும்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு சாயங்காலம் முதலாளி கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கு வர்ற படகுல சாக்லேட் கம்பெனி ஆளு ஒருத்தர் டூரிஸ்ட் மாதிரி வர்றாங்களாம். யாருன்னு சொல்லல. நம்ம சாம்பிள் கொட்டை ஏற்கனவே பிடிச்சுப்போச்சாம். வேலை எப்படி நடக்குதுன்னு பார்க்கணுமாம். அதுவும் பிடிச்சுதுன்னா வருஷம் பூரா நம்ம கொட்டைய எடுத்துக்குவாங்க."

"பிடிக்கலைன்னா?"

முதலாளி கொட்டகையின் கூரையைப் பார்த்தார், சுவர்களைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம்? பச்சைக் கொட்டையாவே வியாபாரிக்குத் தள்ளிவிட்டுடலாம். இந்த எடம் நல்லா விசாலமா இருக்கு. ஒரு கடை போட்டா தொப்பி, கப்பு, பனியன் எல்லாம் விக்கலாம். நீங்களே கல்லாவுல உக்காந்துக்கலாம்."

"தொப்பியா?" என்றாள். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. இது அவளுக்கே புதுசு.

வீட்டுக்குப் போனதும் வாய் வந்துவிட்டது. சோற்றைப் போட்டபடி திட்டினாள், தட்டைக் கழுவியபடி திட்டினாள். ஆனால் உள்ளே பயந்துபோயிருந்தாள். அந்தக் கொட்டகை போனால் அவள் வெறும் ஒரு வாயாடிப் பொம்பளை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கம்பெனி ஆள் யார் என்று கண்டுபிடிக்க அவளும் படகில் வர வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனின் படகில் ஏறினாள். யாரைப் பார்த்தாலும் கம்பெனி ஆளாகத் தெரியவில்லை. எல்லாரும் முட்டாள்களாகவே தெரிந்தார்கள். ஒரு ஜோடி காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய தொப்பி வைத்த ஒரு ஆள் நோட்டில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். படகு கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஒரு பெண் முகம் வெளுத்து, படகின் விளிம்பில் தலையைச் சாய்த்து வாந்தியெடுக்கத் தொடங்கினாள்.

தெர்மாமீட்டர் ஒரு எலுமிச்சையைக் கிள்ளி அவள் மூக்கருகே நீட்டினாள். "இது கடல்கூட இல்லம்மா, வாய்க்கால். இதுக்கே இப்படின்னா வீட்டுலயே இருந்திருக்கலாமே."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் அந்தப் பெண், பாதி உயிரோடு.

புருஷன் இன்ஜினை அணைத்தார். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. "இந்த மரமெல்லாம் வேர் வழியாத்தான் மூச்சு விடுது. சத்தம் போடாம உத்துக் கேட்டீங்கன்னா மூச்சுச் சத்தம் கேக்கும்."

பன்னிரண்டு பேரும் தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். சேற்றில் நண்டுகள் வளைக்குள் ஓடும் சத்தம் பொட்டுப் பொட்டென்று வந்தது. "கேக்குது, கேக்குது!" என்றது ஜோடி. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாயில் மீனோடு குறுக்கே நீந்திப் போனது. அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் எதிர்க்கரையில் முதலை படுத்திருந்தது. சேற்றோடு சேறாக, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு.

"அதுக்கு வயசு எம்பது" என்றார் புருஷன், கூசாமல். "போன வருஷம் அதோட சம்சாரம் செத்துப்போச்சு. அன்னையிலேருந்து வாயை மூடல."

"ஐயோ பாவம்" என்றார்கள்.

அவளால் பொறுக்க முடியவில்லை. "உடம்புச் சூடு தணியறதுக்கு வாயைத் திறந்து வெச்சிருக்கு. அதுக்குப் போய்த் துக்கம் கொண்டாடுறீங்க!"

"நீ சும்மா இரு" என்று அவள் காதோரம் சொன்னார். "கதை சொல்லலைன்னா, சரி, அடுத்த முதலையைக் காட்டுன்னு கேப்பாங்க. அடுத்தது கெடையாது. அப்புறம் அந்தத் தொப்பிதான் கம்பெனி ஆளு. எழுதிக்கிட்டே இருக்கான் பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். நோட்டில் 'கொக்கு 4, நாரை 2' என்று எழுதியிருந்தது. உங்கள் புத்திக்கு இந்தத் தொப்பிதான் கிடைக்கும் என்பதுபோலப் புருஷனைப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒல்லியான பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "அந்த அம்மா சொல்றதுதான் சரி. சூட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். இவர்தான், என்று முடிவு கட்டிவிட்டாள். படகில் ஒரே ஒரு அறிவாளி இருந்தால் அவர்தானே கம்பெனி ஆளாக இருக்க வேண்டும்?

பண்ணையில் வழக்கமான கூத்து நடந்தது. மரத்தின் அடிமரத்திலேயே பழங்கள் காய்த்துத் தொங்குவதைப் பார்த்து, "நீங்க ஒட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். பழத்தை உடைத்துச் சதையைச் சப்பச் சொன்னால், "சாக்லேட் எங்க?" என்றார்கள். முதலாளி படகுக்காரர் பேச்சை நம்பித் தொப்பிக்காரரையே சுற்றிச் சுற்றி வந்தார். நாற்காலி போட்டார், குடை பிடித்தார், முதல் பழத்தை அவருக்குத்தான் கொடுத்தார். தொப்பிக்காரர் ஒன்றும் புரியாமல், ஆனால் எதையும் மறுக்காமல், இரண்டு பழத்தைக் காலி செய்தார். வாந்தியெடுத்த பெண் மரத்தடி பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டாள்.

கொட்டகைக்குள் வந்ததும் எல்லாரும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு பெட்டிதான் அன்று நிறைந்திருந்தது. முந்தின நாள் போட்டது.

"முடியாது. நாளைக்குத்தான் திறப்பேன்."

முதலாளி தொப்பியின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அக்கா, சார் ஒரு நிமிஷம் பார்க்கட்டுமே."

"சார் நாளைக்கு வந்தா பார்க்கலாம். ராஜாவே வந்தாலும் நாளைக்குத்தான்."

முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் தனி சந்தோஷம். கூட்டம் சாப்பிடப் போனது. கண்ணாடிக்காரர் மட்டும் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார். பிறகு, அவள் செய்வதுபோலவே, பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

"நாப்பத்தி ஒண்ணு இருக்குமா?"

"நாப்பத்தி ரெண்டு" என்றாள். குரல் அவளை அறியாமல் இறங்கிவிட்டது.

"முதல் நாள் பழ வாசனை, மூணாம் நாள் வினிகர் வாசனை. அதை யார் வேணா காட்டிடலாம். நடுவுல ரெண்டாம் நாள் ஒரு வாசனை வருமாமே. உங்கள மாதிரி கையால சூடு தெரிஞ்சவங்ககிட்டதான் அது கிடைக்கும்னு சொல்வாங்க. இந்த வேலையில உங்களுக்கு ஈடு கெடையாதும்மா. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு."

பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோனது. ராஜா வந்தாலும் திறக்காத மூடியை, கண்ணாடி போட்ட ஒரு ஆள் இரண்டு நல்ல வார்த்தை சொன்னதும் தூக்கிவிட்டாள். ஒரே நிமிஷம் என்று ஆரம்பித்தது கால் மணி நேரம் ஆனது. சாக்கை விலக்கி, இலையை விலக்கி, அவர் கையைப் பிடித்துக் கொட்டைகளுக்குள் விட்டு, ஆழத்தில் என்ன சூடு, ஓரத்தில் என்ன சூடு என்று பாடமே எடுத்தாள். ஆவி எழும்பி எழும்பிக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள்.

"உங்க கம்பெனியில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"கம்பெனியா? நான் தபால் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவன்மா. பண்ணை பண்ணையாப் போய்ப் பார்க்கறது எனக்கு ஒரு ஆசை. இது ஏழாவது." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லா எடத்துலயும் முதல்ல முடியாதும்பாங்க. இதைச் சொன்னா திறந்துடுவாங்க."

கையிலிருந்த மூடியை அவள் கீழே வைப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. படகில் வாந்தியெடுத்த பெண். இப்போது முகத்தில் ரத்தம் வந்திருந்தது. பின்னால் முதலாளி, அந்தப் பெண் கொடுத்த கம்பெனி விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் மூடியிலிருந்த தேதியைப் படித்தாள். "நேத்து போட்ட பெட்டி. இது ஏன் இப்பவே திறந்திருக்கு?"

தெர்மாமீட்டர் வாயைத் திறந்தாள். தொப்பி, கப்பு, பனியன் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

கூட்டத்தைப் படகுக்குக் கூப்பிட வந்த புருஷன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பெண்டாட்டியின் முகத்தை அப்படி ஒரு கோலத்தில் அவர் பார்த்ததே இல்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம், மத்த எடத்துல மூணாம் நாள் புரட்டுவாங்க. இங்க ரெண்டாம் நாளே புரட்டிடுவோம். இவ கைராசி அப்படி. பத்தொன்பது வருஷமா அப்படித்தான்." முதலைக்கு வயசு எண்பது என்று சொன்ன அதே குரல்.

கம்பெனிக்காரி அவள் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"ஆமா" என்றாள்.

சொன்ன பிறகு செய்தாக வேண்டுமே. மரத் துடுப்பை எடுத்தாள். தன் கண் முன்னால், தன் கையால், இரண்டாம் நாள் பெட்டியைப் புரட்டினாள். அடியில் இருந்தது மேலே, ஓரத்தில் இருந்தது நடுவே, ஒரு கொட்டை சிந்தாமல். கம்பெனிக்காரி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். அடுத்த புளுகுக்குத் தயாராக இருந்த புருஷன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே கடிதம் வந்தது. முதலாளி ஓடி வந்தார். "எடுத்துக்கிட்டாங்கக்கா! வருஷம் பூரா! உங்க முறையையே ஒப்பந்தத்துல எழுதிட்டாங்க பாருங்க. 'முதல் புரட்டல் இரண்டாம் நாளில் செய்யப்பட வேண்டும்.' ஒரு பெட்டி விடக்கூடாதாம்!"

கொட்டகை பிழைத்தது. தொப்பிக் கடை ஆற்றங்கரைக்குப் போனது. அவள் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டாம் நாளே புரட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஒப்பந்தத்தைத் திட்டித் தீர்த்தாள். வீட்டில் புருஷன் அவள் சொன்ன அந்த 'ஆமா'வைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்ன, சொல்லிக் காட்டலையா?" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தாள்.

"எதைச் சொல்லிக் காட்ட? நல்லபடியாத்தானே முடிஞ்சுது" என்றார் அவர், உண்மையாகவே.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அன்று புரட்டிய அந்தப் பெட்டியின் கொட்டை காயட்டும். கெட்டுப்போயிருக்கும். கம்பெனி கத்தும், முதலாளி ஓடி வருவார், சட்டம் சட்டம்தான் என்று அவள் சொல்லுவாள். கொட்டகை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. பதினைந்து நாள் வெயிலில் காயவைத்த பிறகு, ஐம்பது கொட்டையை எண்ணி எடுத்துக்கொண்டு, கத்தியோடு கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடு போதாத கொட்டை உள்ளே ஊதாவாக இருக்கும். நன்றாகப் புளித்தது பழுப்பாக இருக்கும், உள்ளே வெடிப்பு விழுந்திருக்கும்.

முதல் கொட்டை பழுப்பு. இரண்டாவது பழுப்பு. இருபதாவது வரை வந்ததும் கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கடவுளே, ஒரே ஒரு கொட்டையாவது ஊதாவாக இருக்காதா என்று வேண்டிக்கொண்டே வெட்டினாள். ஐம்பதும் பழுப்பு. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல கொட்டையை அவள் அதிகம் பார்த்ததில்லை.

எழுந்து போய் இன்னொரு ஐம்பது கொட்டை அள்ளிக்கொண்டு வந்தாள்.