மிஸ்டு கால் வராத போன்

சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு என் போனைக் கண்டாலே இளக்காரம். "ஏக்கா, இன்னுமா இந்த டப்பாவ வச்சு அழுதுக்கிட்டு இருக்கே?" என்பான். இந்த முறை போடிக்கு வந்தபோது, தான் வைத்திருந்த விலை கூடின வேறு கம்பெனிப் போனை என் மடியில் வைத்தான். அவன் புதுசுக்கு மாறிவிட்டானாம். கழித்துப் போட்டதைக் கொடுப்பதில் என்ன ஒரு பெருமை!

டப்பாவில் பின்னால் போக ஓர் அம்புக்குறி உண்டு. தொட்டால் போகும். இதில் அது கிடையாது. ஓரத்திலிருந்து விரலை இழுக்கவேண்டுமாம், சில இடத்தில் மேல் மூலையைத் தொடவேண்டுமாம். இதற்குப் பெயர் முன்னேற்றம். திறப்பதற்கு என் முகத்தை வேறு பார்க்கவேண்டும். ஏலக்காய் தரம் பிரிக்கும்போது தூசிக்காக மூக்கைத் துண்டால் கட்டியிருப்பேன். உடனே நான் யாரோ எவளோ என்று பூட்டிக்கொள்ளும். என் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இந்த மகாராஜாவுக்குத் துண்டை அவிழ்த்து முகம் காட்டவேண்டும்.

அதெல்லாம் போய்த் தொலையட்டும். என் வீட்டுக்காரர் காய் பறிக்கும் நாட்களில் குரங்கணிக்கு மேலே மலையில் எங்கள் ஏலத்தோட்டத்தில் தனியாகத் தங்குவார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த மனிதர். மலையில் ஏறி இறங்கி நடக்கக்கூடாது என்பதால் ஜீப்பில்தான் போவார், வருவார். அங்கே ஒரு பாறைமேல் நின்றால்தான் டவர் கிடைக்கும், பேசினால் பாதியில் அறுந்துபோகும். அதனால் காலையில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நான் எடுக்கமாட்டேன். திருப்பி ஒரு ரிங் விடுவேன். நானும் இருக்கிறேன் என்று அர்த்தம். மலைக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் இதுதான் வழக்கம்.

நான் மேலே போனால் பேசுவதற்கென்று டப்பாவில் இரண்டாவதாக, அங்கே டவர் எடுக்கும் ஒரு மலை சிம் வைத்திருந்தேன். அவருடைய பட்டன் போனில் என் நம்பர் என்று அது மட்டும்தான் இருக்கிறது. புதுப் போனிலோ சிம் போட ஒரே குழி, அதில் என் ஊர் சிம் ஏறிவிட்டது. "இன்னொன்னுக்குக் கார்டே வேணாம்க்கா. உள்ளயே ஏறிக்கிரும். ஒரு மணி நேரம் ஆகும்" என்று எதையோ அழுத்திவிட்டுத் தம்பி பஸ் ஏறிவிட்டான்.

மலை சிம் ஏறவே இல்லை. பழைய கார்டும் செத்துவிட்டது. மறுநாள் காலையில் மிஸ்டு கால் வரவில்லை. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள். ஜீப்புக்காரர் நம்பர் டப்பாவில் கிடந்தது, அதைத் தம்பி கையோடு எடுத்துப்போய்விட்டான். மிஸ்டு காலுக்காக நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் இருக்க, இந்தப் போன் நான் இன்று குறைவாக நடந்திருக்கிறேன் என்று எனக்குப் புத்தி சொல்கிறது! தம்பியைக் கூப்பிட்டேன்.

"சர்வர் பிசியா இருக்கும்க்கா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

"ஒங்க மாமாவுக்கு ஒண்ணுன்னா, அவர ரீஸ்டார்ட் பண்ண முடியுமாடா?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

மதியம் வரை பார்த்துவிட்டு, ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடலாம் என்று கதவைப் பூட்டும்போது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கினார். முழங்கால் வரை சேறு, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, ஒரு கை நெஞ்சில்.

"நல்லாத்தான் இருக்கியா புள்ள? எத்தன தடவ அடிச்சாலும் நம்பரு உபயோகத்துல இல்லைங்குறா. ஒனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு..."

ஜீப் வரும்வரை பொறுக்கமாட்டாமல் குரங்கணி வரை நடந்தே இறங்கியிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உட்காரவைத்து மாத்திரையைக் கொடுத்து நெஞ்சை நீவிவிட்டேன். மூச்சு அடங்கவில்லை. ஆட்டோவை நிற்கச் சொன்னேன்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. தம்பி, வீடியோவில். சிரித்துக்கொண்டே, "சிம்மு கெடக்கட்டும்க்கா. கேமரா எப்பிடி? தெளிவா இருக்கா?" என்றான்.

போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"ரொம்பத் தெளிவா இருக்குடா. ஒங்க மாமா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."