பூசி மறைத்த மூன்று பெயர்கள்

ஜேர்மனியில், ஹம்பேர்க்கில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் குண்டுக்கு ஒதுங்கக் கட்டிய பங்கர் ஒன்றை வீடுகளாக மாற்றுகிறார்கள். பெயின்ற் வேலைக்கு எங்களை அனுப்பினார்கள். ஐந்து மாடி, ஜன்னலே இல்லை. பல வருடம் பூட்டிக் கிடந்த இடம். முதல் நாள் மதிய இடைவேளையில் நானும் கூட வேலை செய்யும் போலந்துக்காரரும் டோர்ச் லைற்றோடு மேலே ஏறிப் பார்த்தோம்.

மேல் மாடி மூலையில், பழைய வெள்ளை உரிந்த இடத்தில் மூன்று பெயர்கள் தெரிந்தன. கொங்கிறீற் காயுமுன் ஆணியால் கீறியவை. கீழே ஓர் ஊரின் பெயர். அதை வாசித்த போலந்துக்காரர் அந்தப் பெயர்களை விரலால் தடவினார். தன் தாயின் ஊருக்குப் பக்கத்து ஊர் என்றார். ஜேர்மன்காரர் அங்கிருந்து ஆட்களைப் பிடித்து வந்து இதைக் கட்டவைத்தார்களாம். குண்டு விழுந்தபோது அவர்களை உள்ளே விடவில்லையாம்.

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. வன்னியில் சண்டைக் காலத்தில் நாங்கள் வெட்டிய பங்கருக்குள் இறங்க எங்களை ஒருவரும் மறித்ததில்லை.

வேலையை மேற்பார்க்கும் போர்மனைக் கூட்டிவந்து காட்டினேன். வீடு வாங்குகிறவர்கள் வழுவழுப்பான சுவர்தான் கேட்கிறார்கள், பின்னேரத்துக்குள் பூசு என்றார். வாசலில் இந்தக் கட்டடத்துக்குப் பிளான் வரைந்தவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் ஒரு துளி பெயின்ற் படக்கூடாது என்று காலையில் ஒட்டுநாடா ஒட்டவைத்தவரும் இவர்தான். வரைந்தவருடைய பெயர் இருக்கலாம், கட்டியவர்களுடையது இருக்கக்கூடாதா என்று கேட்டேன். அது தன் வேலை இல்லை என்றார்.

எங்களோடு வேலை செய்யும் மன்னார் அண்ணை என்னை ஓரமாக இழுத்தார்.

“தம்பி, பேசாமல் பூசிப்போட்டு வாரும். நாங்கள் கேட்டு என்ன நடக்கப்போகுது?”

“ஏலாது அண்ணை. இது ஆக்களின்ர பேர்.”

கலவை பூசும் கரண்டியைக் கீழே வைத்தேன். போர்மன் அதை எடுத்துத் தானே பூசினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. போலந்துக்காரர் சுவரைப் பார்க்காமல் படியிறங்கினார்.

அதற்குமுன் போனில் படம் எடுத்திருந்தேன். மறுநாள் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். நேரில் சந்திக்க ரெர்மின் கிடைக்க மூன்று கிழமை. அதற்குள் அந்தச் சுவரில் இரண்டு பூச்சு காய்ந்துவிட்டது. அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்து, மிகவும் கவலையாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி, கோப்பில் வைத்துக்கொண்டார். அந்த மரியாதை மூட்டிய கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னிலும் எனக்குக் கோபம் உண்டு. அந்தச் சுவரை நான் தொடவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க அதே கட்டடத்தின் படிக் கைபிடிகளுக்கு நான்தான் சாம்பல் நிறம் அடித்தேன்.