லோடு கப்பலுக்கு வழி

கோட்டும் டையுமாக ஒரு பெரிய மனிதர் மேசைமேல் பொம்மைக் கப்பல்களைத் தள்ளி விளையாடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்த்து வழியும். நான் இப்போது இருக்கும் ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் கப்பல் அதிகாரியாவதற்கான வாய்மொழித் தேர்வு இப்படித்தான் நடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடல் பனிமூட்டத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் உள்ளே பச்சைத் துணி விரித்த மேசையில் மிதந்துகொண்டிருப்போம்.

முதல் தடவை போனபோது தேர்வாளர் இரண்டு பொம்மைகளை எடுத்தார். ஒன்று என் கப்பல். இன்னொன்று என் இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தது. "என்ன செய்வீர்கள்?" என்றார். விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். எவனுக்கு வலப்பக்கத்தில் மற்ற கப்பல் தெரிகிறதோ அவன் விலக வேண்டும். மற்றவன் திசையும் வேகமும் மாறாமல் போக வேண்டும். நேராகப் போக வேண்டியவன் நான்தான். ஆனால் என் வாய் வேறொன்றைக் கேட்டது.

"அதில் சரக்கு இருக்கிறதா சார்? இருந்தால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்."

பென்னாகரத்துப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகிற மண் ரோட்டில் ஒரு வண்டிதான் போகலாம். அங்கே விதிப்புத்தகம் கிடையாது. வெறுங்கையோடு வருகிறவன் இறங்கி நிற்பான். சுமையோடு வருகிறவன் போவான். புல்லுக்கட்டோ புளி மூட்டை ஏற்றிய டெம்போவோ, எல்லாம் ஒன்றுதான். கலெக்டரே காலி ஜீப்பில் வந்தாலும் ஒதுங்க வேண்டியவர்தான் என்பது எங்கள் நினைப்பு. ராகிப் பயிர் முழங்காலில் உரச, புழுதி அடங்கும்வரை கண்ணை மூடி நின்ற சாயங்காலங்கள் நடுக்கடலில்கூட என் கனவில் வந்திருக்கின்றன.

தேர்வாளர் புருவத்தை உயர்த்தினார். "பயமா?"

"மரியாதை" என்றேன். அதை அவர் என்னவென்று எழுதிக்கொண்டாரோ தெரியாது. தோற்று வெளியே வந்தேன். விசா முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதுவும் போனால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

மூன்று மாதம் கழித்து அதே மேசை, அதே மனிதர். பொம்மை என் இடப்பக்கம் நெருங்க நெருங்க எனக்குக் கால் கூசியது.

"நேராகப் போவேன்" என்றேன்.

"அவன் விலகாவிட்டால்?"

"ஊதி எச்சரிப்பேன். அப்போதும் வழியில்லை என்றால்தான் திரும்புவேன்."

கை குலுக்கினார். தெருவுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். நிலத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"பாஸாயிட்டேம்ப்பா."

"அப்படியா சாமி! என்ன கேட்டாங்க?"

சொன்னேன்.

"அவன் லோடோட வந்தாலுமா நேரா போவ?"

"ஆமாப்பா. கடல்ல அதான் சட்டம்."

"செரி, அவங்க சட்டம் அவங்களுக்கு. வூட்டுக்குப் போயி உங்கம்மாகிட்ட சொல்றேன். கொஞ்சம் இரு, தக்காளி வண்டி ஒண்ணு வருது, எறங்கி நின்னுக்கறேன்."

போனில் வண்டிச் சத்தம் நெருங்கி, காதை நிறைத்து, தேய்ந்து மறைந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. கீழே பார்த்தேன். என் ஒரு கால் நடைபாதையில் இருந்தது. இன்னொரு கால் எனக்கே தெரியாமல் மழைத்தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தது.