அக்கரைக் குப்பை

எண்பதுகளின் நடுப்பகுதி. கோடைகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் மணிக்கூடு செய்கிற ஊர் ஒன்று இருக்கிறது, லா ஷோ-து-ஃபோன். அந்த ஊருக்குக் கீழே, ஆழமான பள்ளத்தாக்கில் டூ என்கிற ஆறு ஓடுகிறது. இது அந்த ஆற்றில் நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் அப்போது வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. அகதியாகப் பதிந்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். முதல் விசாரணை முடிந்து, இரண்டாவது வர இருந்தது. முதல் விசாரணை முடிகிறபோது, மொழிபெயர்த்த தமிழர் ஒன்றை இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். முடிவு வரும்வரை இந்த நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் கேஸ் அவ்வளவுதான், புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடலாம். திருப்பி அனுப்பினால் நாங்கள் போய் இறங்க யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு நிற்கவில்லை.

எல்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த நாட்டுக்குள் வந்தபோது ஒரு காட்டுக்குள்ளால் நடத்திக் கூட்டி வந்தார்கள். இருமக் கூடாது, கதைக்கக் கூடாது என்றார்கள். ஆகையால் எல்லை என்றால் காடு, கம்பி, துவக்கோடு காவலாள், நாய் என்றுதான் என் மனதில் இருந்தது.

கணவருக்கு ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுவார். நான் அறையில் தனியே இருப்பேன். பிறவியிலேயே கூச்சம் உள்ளவள் நான். படியில் யாராவது இறங்கும் சத்தம் கேட்டால், அவர்கள் போய் முடியும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் வெளியே வருவேன்.

அந்தக் கட்டடத்தில் படிக்கட்டைத் துப்புரவாக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை முறை வரும். அவரவர் தங்கள் மாடியைத் துடைத்தால் போதும். எனக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. எங்கள் பக்கத்தில் முற்றம் கூட்டினால் படலையோடு நிற்பதில்லை. படலையைத் திறந்து ஒழுங்கையிலும் கொஞ்சத் தூரம், முன்வீட்டு வேலி ஓரம்வரை, ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் விளக்குமாற்றை வைப்போம். அந்தப் பழக்கத்தில் மேல்மாடி வாசல்வரை கூட்டித் துடைத்துவிட்டேன். மேல்மாடியில் இருந்தவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்த ஒரு மதாம். இரண்டு மூன்று முறை கவனித்திருக்கிறார். ஒரு நாள் கதவைத் தட்டி ஒரு துண்டு கேக் தந்தார். பிறகு ஒரு நாள், என்னோடு நடக்க வருகிறாயா என்று விரலால் நடந்து காட்டிக் கேட்டார்.

அது ஒரு நடைச் சங்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு, காட்டுப் பாதையில் சேர்ந்து நடப்பார்கள். அநேகமாக வயதான பெண்கள். நடுவில் உட்கார்ந்து பாண் சாப்பிடும்போது ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகையை வாசிப்பார், மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள், ஏசுவார்கள். அந்த வருடங்களில் காடு பட்டுப்போகிறது என்பதுதான் எங்கும் கதை. போகிற வழியில் நின்று மரங்களின் உச்சியை அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். எனக்கு எல்லா மரமும் ஒன்றுதான். அந்தக் கோடையில் ஆற்றைப் பற்றிய செய்தி வந்தது. மீன் செத்து மிதக்கிறது, வெள்ளம் கொண்டுவந்த குப்பை பற்றைகளில் தொங்குகிறது என்று. அதனால் அந்த மாத நடை ஆற்றங்கரைக்கு. சாக்கோடு வர வேண்டும் என்றார்கள்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“குப்பை பொறுக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?”

“நீங்கள் மட்டும் என்ன, கோப்பைதானே கழுவுறியள்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாய் மட்டும் குறையேல்லை. வெளியில ஒரு சொல்லுக் கதைக்க மாட்டாய். சரி, போய்ட்டு வா. வழுக்கி விழுந்து போடாதை.”

செங்குத்தான பாதையால் இறங்கி ஆற்றுக்கு வந்தோம். சங்கத்துத் தலைவி தபால் கந்தோரில் வேலை செய்தவர், நல்ல உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவர் எல்லோரையும் நிறுத்தி ஆற்றைக் காட்டி, எதிர்க்கரையைக் காட்டி, மேலே அணைக்கட்டுப் பக்கம் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது தலையை ஆட்டுவது அப்போது என் வழக்கம். விசாரணையிலும் அப்படித்தான் ஆட்டினேன். அணைக்கட்டில் தண்ணீர் திறந்தால் விசில் ஊதுவேன், உடனே மேலே ஏறுங்கள் என்றும், எதிர்க்கரை பிரான்ஸ் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னார் என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. கிணறு, குளம், கடல்தான். ஓர் ஆற்றுக்கு இரண்டு கரையும் ஒரே ஊர் என்றுதான் நினைத்தேன். மழை குறைந்த கோடை என்பதால் தண்ணீர் வற்றிக் கற்கள் வெளியே தெரிந்தன.

எனக்குக் காட்டிய பகுதியை முடித்துவிட்டேன். மற்றவர்கள் குனிந்து ஒன்றை எடுப்பார்கள், நிமிர்ந்து நாலு கதை கதைப்பார்கள். நான் கதைக்க ஆளில்லாதவள், அதனால் கெதியாக முடிந்தது. எதிர்க்கரையில் ஒரு பற்றை முழுக்கக் கிழிந்த பிளாஸ்ரிக் பைகள், கொடியில் கந்தல் காயப்போட்டது போலத் தொங்கின. ஒரு நீலப் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கான் வேறு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி ஒரு கல்லில் வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் ஐஸ் மாதிரி.

பாதியில் பின்னால் கூப்பிட்டார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு போகிறேனே, அதைப் பார்த்துத்தான் சத்தம் போடுகிறார்கள் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

பற்றையைப் பாதி துப்புரவாக்கியிருப்பேன். கரைப் பாதையால் தொப்பியும் சீருடையுமாக ஒருவர் வந்து முன்னால் நின்றார். ஒரு சொல் கேட்டார். “பப்பியே?” பத்திரம் எங்கே என்கிறார். பாணுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரியுமுன்பே அந்தச் சொல் எனக்குத் தெரியும். அவர் தன் சப்பாத்துக்குக் கீழே நிலத்தைக் காட்டி “பிரான்ஸ்” என்றார். அதுவும் விளங்கியது.

என் அகதிப் பத்திரம் அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. கணவர் அந்த நேரம் கையெல்லாம் சவர்க்கார நுரையோடு நிற்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் அறியாமல் நிற்க, இரண்டு பேருடைய கேசையும் நான் ஒரு நீலக் கானுக்காக முடித்துவிட்டேன். அழுகை வரவில்லை.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேல்மாடி மதாம் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வருத்தக்காரி, ஊன்றுதடியோடு. அவருக்குப் பின்னால் தலைவி. அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, எல்லோருடைய கையிலும் சாக்கு. கரை ஏறியவர்கள் அந்த மனிதரைப் பார்க்கவும் இல்லை. என்னைச் சுற்றிக் குனிந்து குப்பை பொறுக்கத் தொடங்கினார்கள். முதலே பேசி வைத்த வேலை மாதிரி.

அவர்கள் கதைத்தது பிரெஞ்சில். பிறகு மதாம் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்ததை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

“என்ன இது? எல்லாரும் எங்கையிருந்து வாறியள்?” என்று அந்தச் சீருடைக்காரர் கேட்டார்.

“அங்காலை இருந்து. நனைஞ்சுபோய் நிக்கிறது தெரியேல்லையோ?” என்றார் தலைவி.

“இது பிரான்ஸ், மதாம்.”

“குப்பையும் பிரான்ஸ்தான். போத்தில்ல எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ.”

“இதுகளை அங்காலை கொண்டு போகப் போறியளோ?”

“ஓம். ஏன், வரி கட்டவேணுமோ?”

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, “இவ ஆர்?” என்றார்.

மேல்மாடி மதாம் நிமிர்ந்தார். “எங்கடை சங்கத்து ஆள். எங்களை மாதிரி வாய் பார்த்துக்கொண்டு நிக்காமல் முதல் வந்திட்டா. அது ஒரு குற்றமோ?”

“இவவின்ரை பத்திரம்?”

“ஒருத்தரிட்டையும் இல்லை. ஆத்துக்குள்ளை இறங்கிறவை பத்திரத்தை வாயிலை கவ்விக்கொண்டோ வாறது?”

அது பொய் இல்லை என்று மதாம் கடைசிவரை சாதித்தார். பத்திரம் வைத்த பைகள் எல்லாம் இக்கரையில்தானே இருந்தன என்பார்.

“அப்ப எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும்.”

“கூட்டிக்கொண்டு போங்கோ. சாக்குகளையும் நீங்கள்தான் தூக்கவேணும். எனக்கு முழங்கால் ஏலாது.”

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு, ஈரச் சேலை, வெறுங்கால். எங்களைப் போன்றவர்கள் அந்த ஆற்றைக் கடக்கிறார்களா என்று பார்க்கத்தான் அவரை அங்கே நடக்கவிட்டிருப்பார்கள். அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆற்றின் மேல்பக்கம் பார்த்தார். பிறகு தலைவியிடம், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திறப்பார்கள், வந்த வழியால் உடனே போய்ச் சேருங்கள் என்றார். போகிறபோது தன் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு துருப்பிடித்த தகர ரின்னைக் குனிந்து எடுத்து என் சாக்குக்குள் போட்டார்.

என்னை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். இக்கரை வந்து மேட்டில் ஏறிய பிறகும் ஒருவரும் என்னை ஏசவில்லை. தலைவி ஒரு தடியால் மண்ணில் ஒரு கோடு கீறி, இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை விளங்கித்தான் ஆட்டினேன். பிறகு பாண் வெட்டினார்கள்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“பேர் எழுதினவையோ?”

“இல்லை.”

“படம் கிடம் எடுத்தவையோ?”

“இல்லையப்பா.”

குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு சொன்னார்: “சனம் பிரான்சுக்குப் போறதுக்கு என்ன பாடுபடுது. நீ குப்பைச் சாக்கோட போய்ட்டு வந்திட்டாய்.”

சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு பல கிழமைகள் வாசல் மணி அடித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். இரண்டாவது விசாரணையில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னச் செய்தி ஒன்று வந்தது. நடைச் சங்கத்துப் பெண்கள் ஆற்றின் இரு கரைகளையும் துப்புரவாக்கினார்கள் என்று. தலைவி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எழுதியாகிவிட்டதே என்று, அடுத்த கோடையில் உண்மையாகவே இரு கரைகளிலும் செய்தார்கள். முதலே இரண்டு பக்கத்துக்கும் அறிவித்து, பாலத்தால் போனார்கள். அக்கரைக் கிராமத்திலிருந்தும் ஆட்கள் சாக்கோடு வந்தார்கள். எனக்கு அப்போதும் முடிவு வரவில்லை. நான் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்று, வருகிற சாக்குகளின் வாயைக் கட்டி அடுக்கினேன்.

பல வருடங்கள் கழித்துப் பாஸ்போட் கிடைத்தது. ஒரு நாள் மதாமோடு அந்தப் பாலத்தால் நடந்து போனேன். பாஸ்போட்டைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன், ஒருவரும் கேட்கவில்லை. மதாம் இப்போது இல்லை. மேல்மாடியில் யாரோ இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முறை வரும்போது அவர்கள் வாசல்வரை கூட்டித்தான் விடுகிறேன்.

அந்த அதிகாரியின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அன்று பாண் சாப்பிடும்போது, வெயில் பட்ட கற்களில் வரிசையாகக் காயவைத்திருந்த சப்பாத்துகள் மட்டும் மறக்கவில்லை. பக்கத்தில் என் செருப்பு மட்டும் ஈரமில்லாமல் இருந்தது. குப்பைக்காக ஆற்றில் இறங்கிய நான் நின்று நிதானமாக அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். எனக்காக இறங்கிய அவர்கள் சப்பாத்தைக் கழற்ற நிற்கவில்லை.