டன்லியின் மகளைத் தேடிய ராஜேஸ் அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் கிறிஸ்தவக் கோவில் அலுவலகத்தில் இருந்தபோது, ராஜேஸ் அக்காவின் தங்கை மகள் சுமதி அழைத்தாள். “அங்கிள், பெரியம்மா போயிட்டா” என்றாள். நம்ப மனம் வரவில்லை. முதல் நாள்தான், ஒரு பெயரைப் பிழையாக வாசித்ததற்காக ராஜேஸ் அக்கா வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசியில் என்னை நன்றாக ஏசியிருந்தார்.

உங்களில் பலர் அவரை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத்தான் அறிவீர்கள். நான் அங்கே எழுதுவினைஞனாக இருந்தவன். அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஒருமுறை சட்டத்தரணி ஒருவர், சாட்சியின் தடுமாற்றத்தைக் கொஞ்சம் சீராக்கி மொழிபெயர்க்கச் சொன்னார். “அவர் சொல்லாததை நான் சொல்ல மாட்டன், சேர்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் கோவிலுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய முன்னோரான ஜேம்ஸ் டன்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய். தன் மேலதிகாரியான சார்ஜனை அடித்த குற்றத்துக்காகக் கைதியாகக் கப்பலேற்றி அங்கே அனுப்பப்பட்டவன். அவன் இங்கே விட்டுப்போன கைக்குழந்தை எலிசா என்னவானாள் என்று கேட்டிருந்தார். அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்து எனக்குக் கோழி கிளறியது போலத்தான் தெரியும். அக்காவிடம் கொண்டுபோனேன்.

ஆறு மாதம் பதிவேடுகளைப் புரட்டியும் எலிசா ஜேம்ஸ் என்று ஒருத்தியும் அகப்படவில்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அன்ரனி, விசர் வேலை பாத்திருக்கிறம். எங்கட ஆக்கள் மாதிரி தகப்பன்ட சொந்தப் பேரைப் பிள்ளைக்குப் போட்டெல்லோ தேடினனாங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு டன்லியெல்லோ வரும்.” ஆங்கிலத்தில் கரைகண்டவருக்கே அப்படி. அடுத்த வாரமே எலிசா டன்லியின் திருமணப் பதிவு கிடைத்தது.

அதில் தகப்பன் பெயருக்கு எதிரே, “உயிரோடு உண்டோ இல்லையோ தெரியாது” என்று குருவானவர் எழுதியிருந்தார். தாஸ்மேனியாவிலிருந்து வந்த கைதிப் பதிவேட்டின் பிரதியிலோ டன்லியின் உயரம், கண்ணின் நிறம், கையில் குத்திய பச்சை, எந்த நோயில் செத்தான் என்பது வரை இருந்தது. மகளின் கலியாணத்துக்கு நான்கு வருடம் முந்தியே அவன் இறந்திருந்தான்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா அழுதார். அவர் அழுது அன்றுதான் கண்டேன். “ஒரு கைதிக்கு இவ்வளவு எழுதி வச்சிருக்கிறாங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை.” பிறகு, “என்ட ரவியும் எங்கயோ ஒரு பதிவுக் கொப்பியில இருப்பான், என்ன?” என்று கேட்டார்.

ரவி அவருடைய தம்பி. யுத்த காலத்தில் ஒரு காலை வீட்டுக்கு வந்தவர்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் முடியும் என்று பலர் புத்தி சொன்னார்கள். “செத்ததை ஆர் கண்டது?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். நானும் அப்படிப் புத்தி சொன்னவர்களில் ஒருவன். இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது.

அக்காவின் மரண அறிவித்தலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சகோதரர் பெயர்களுக்கு வந்ததும் சுமதி தயங்கினாள். “அங்கிள், ரவி மாமாவுக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதோ?” பக்கத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர், “போடுங்கோ. இவ்வளவு வருசமாச்சு, சனம் என்ன நினைக்கும்?” என்றார்.

தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருக்கும் பிடிவாதம் ஒன்றைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். “ரவீந்திரன், கமலா ஆகியோரின் அன்புச் சகோதரி” என்று மட்டும் எழுதி, பத்திரிகைக்கு அனுப்பினேன்.