தனலெட்சுமி சுமக்கும் அரிசிப் பை

தனலெட்சுமி ஓடிக்கொண்டே கொட்டாவி விடுவார். விடிகாலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் திடலைச் சுற்றி வரும்போது முதுகில் ஒரு பெரிய பை, தோள்வார்களைப் பிடித்த கைகள், திறந்த வாய். தரைத்தளத்தில் காப்பிக் குவளையோடு நிற்கும் என்னைக் கண்டால், "குடிங்க குடிங்க, ஒங்களுக்கும் சேத்துதான் ஓடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். நாற்பத்தாறு வயது, குள்ளமான ஆள், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. நான் சுமப்பது என் தொந்தியை மட்டும்தான் என்பதால் இன்னொரு மடக்குக் குடிப்பேன்.

பைக்குள் இருப்பது அரிசி. ஒரு கிலோ பொட்டலங்கள், அவை ஆடாமலிருக்க இடையிடையே பழைய துண்டுகள். "ஆடுற பாரம்தான் முதுக கெடுக்கும்" என்பது அவர் கட்சி. பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் பொட்டலங்களைச் சும்மா போட்டு ஓடி, இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வாத்து மாதிரி நடந்தார். அந்தக் கதையை எடுத்தால் இப்போதும் கோபம் வரும்.

அவர் ஓடுவது இளைப்பதற்காக அல்ல. மகள் ரூபினிக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. பத்தொன்பது வயதாகிறது. வீடு நான்காவது மாடியில். எங்கள் அடுக்ககத்தில் மின்தூக்கி கிடையாது. கணவர் விடியுமுன்பே லாரி ஓட்ட சிங்கப்பூருக்குப் போய்விடுவார். ரூபினிக்கோ சாலைக்கு எதிரே பதாகை அச்சடிக்கும் கடையில் வடிவமைப்பு வேலை. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, எங்கள் ஸ்கூடாய் ஊரில் எது நடந்தாலும் பாதிப் பதாகை அவள் கைவேலைதான். ஆகவே காலையில் தாயின் முதுகில் இறக்கம், மாலையில் ஏற்றம். சக்கர நாற்காலி படிக்கட்டுக்கு அடியில் காத்திருக்கும்.

மகளின் எடையில் கால் பங்குதான் பையில் இருக்கும். மகள் கொஞ்சம் சதை போட்டால் பொட்டலமும் கூடும். "அம்மா என்னை அரிசி கணக்குல வச்சிருக்காங்க அங்கிள். ரெண்டு ரொட்டி சானாய் சேத்து சாப்பிட்டா அடுத்த நாளு பேக்குக்கு வேலை" என்பாள் ரூபினி. பலன் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் இரண்டாவது மாடியிலேயே தனலெட்சுமிக்கு மூச்சிரைக்கும். ஓட ஆரம்பித்த பிறகு இருவரும் நான்கு மாடியும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

சென்ற ஆண்டு ரூபினி நுரையீரலில் சளி கட்டி, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடம்பு உருகிப்போனது. அம்மா பையிலிருந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "பாரம் ஏறுனா சந்தோசம், எறங்குனாதான் பயம் லா" என்று என்னிடம் சொன்னார். அப்போதுதான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: மகள் பழைய எடைக்குத் திரும்பினால், அந்த எடை அரிசியையும் முதுகில் கட்டி வெறுங்காலோடு ஓடிவந்து அன்னதானத்துக்குக் கொடுப்பதாக. நம் ஆட்கள் சாமியிடம் குறைத்துக் கேட்பதில்லை. நடந்து வருகிறேன் என்றிருந்தால் அம்மன் மாட்டேன் என்றா சொல்லியிருப்பாள்?

ரூபினி தேறினாள். பழையபடி முப்பத்தெட்டு கிலோ. அத்தனையையும் கட்டிக்கொண்டு தனலெட்சுமி தார்ச்சாலையில் ஓடினார். கோயில் வாசலை நெருங்கும்போது வலது பாதத்தில் சுருக்கென்றது. அரிசியை இறக்கிக் கொடுத்து, கும்பிட்டு, அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். பாத எலும்பில் விரிசல்.

இயன்முறைச் சிகிச்சையாளர் ஐலீன் நன்றாக ஏசினாள். "தினம் தூக்குற எடைதானேம்மா?" என்றார் இவர்.

"தூக்கிட்டு நடக்குறீங்க ஆன்டி, ஓடல. ஓடுனா ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு மூணு மடங்கு பாரம் கால்ல எறங்கும். எலும்பு பாரத்துக்குப் பழகும், பழகுனா கெட்டியாவும். ஆனா மெதுவாத்தான் பழகும். இன்னொரு தடவ ஒடஞ்சா, மகளைத் தூக்குறத மறந்துட வேண்டியதுதான்."

அந்த வாக்கியம் தனலெட்சுமியைத் தூங்கவிடவில்லை. கடை முதலாளி நல்ல மனுஷன், மடிக்கணினியை மேலே அனுப்புகிறேன் என்றார். ரூபினி ஒத்துக்கொள்ளவில்லை. "கீழ எறங்குனாதான் அங்கிள் நான் வேலைக்குப் போறவ. மேலயே ஒக்காந்தா நோயாளி." அதனால் நாங்கள் நான்கு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினோம். எதிர்வீட்டு மலாய்க்கார அண்ணன் முன்னால், நான் பின்னால். "சாமி ஊர்வலம் மாதிரியே இருக்கு, தேங்காதான் ஒடைக்கல" என்றாள். நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது. இதையா இந்தக் குள்ளமான பெண்மணி ஒற்றை ஆளாய்ச் செய்துகொண்டிருந்தார் என்று வெட்கமாகவும் இருந்தது, இப்படி ஒருத்தர் நம் படிக்கட்டில் ஏறி இறங்கியதற்கு நன்றி சொல்லவும் தோன்றியது.

எலும்பு கூடிய பிறகு ஐலீன் சொன்னபடி கேட்டார். ஓடும் நாளில் பை இல்லை. பை மாட்டும் நாளில் நடைதான், நல்ல காலணியோடு. இரண்டு பொட்டலத்தில் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றினார். அவசரக்காரருக்கு அது பெரிய தண்டனை.

போன திங்கட்கிழமை ஐலீன், மகளைத் தூக்கலாம் என்று தலையசைத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் கீழே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியிலும் நின்று, மறுபடி கேட்டது. சண்டைச் சத்தம் இல்லை. முதல் மாடி திரும்பும்போது ரூபினி, "அம்மா, வலிக்குதா?" என்றாள். "பேசாம வா, படிய எண்ணிக்கிட்டு வரேன்" என்றார் அம்மா.

கடைசிப் படியைத் தாண்டி மகளை நாற்காலியில் உட்காரவைத்தார். அவளுடைய சட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு குனிந்து, தன் வலது பாதத்தைத் தானே தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.