அம்மா வாங்கிக்கொண்ட சாக்பீஸ்

அப்பாவுக்காக நான் செய்த ஜெபம் கேட்கப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைச் சாட்சி என்றதும் கடைசியில் அப்பா எழுந்து நடந்தார் என்று வரும் என நினைத்து நீங்கள் ஏமாறக் கூடாது.

அப்பா டைல்ஸ் போடுகிறவர். போன நவம்பரில் கூடுவாஞ்சேரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். "நீர் அப்பாவைக் குணமாக்கிவிட்டீர், நன்றி" என்றே தொடங்குவேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

அப்பா விழுவதற்கு முந்தின வாரம்தான் எங்கள் கல்லூரிக் கணிதத் துறையின் கௌரவ மன்றத்தில் சேர எனக்கு அழைப்பு வந்திருந்தது. மார்க் மட்டும் போதாது. சேருகிற நாளில் எல்லோர் முன்பும் கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபிக்க வேண்டும். முடித்ததும், எழுதின சாக்பீஸை வீட்டிலிருந்து வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"தரையில கோடு போட சாக்பீஸ் எங்கிட்டயே டப்பா டப்பாவா கீது. ஆனா அத்த நான்தான் வாங்கிக்குவேன், இன்னா?"

அடக்கம் முடிந்த பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. அப்பாவோடு பல வருஷம் சித்தாளாகச் சிமெண்ட் கலந்தவர், ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட எழவில்லை. இவரையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். மன்றத்தில் சேரும் நாளுக்குக் கூப்பிட்டேன்.

"நாப்பது நாள் ஆவலியே. நல்லது நடக்கிற எடத்துல நான் எதுக்கு?" என்றார்.

நம் சபை அக்காக்கள் சிலரும் அதையே சொன்னார்கள். மன்னியுங்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்டவரைவிட அவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஜெபிப்பதையே விட்டிருந்தேன்.

மன்றத்தில் சேரும் நாளன்று இரும்புலியூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். நல்ல மழை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது அழுகை முட்டியது. "ஆண்டவரே, அம்மாவை எழுப்பும். எப்படி என்று எனக்குத் தெரியாது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். அன்று நாலு வரி எழுதியதும் பேராசிரியை நிறுத்தினார்.

"இதைத்தானேம்மா நிரூபிக்கணும்? அதையே ரெண்டாவது வரியில எடுத்துக்கிட்டா எப்படி?"

பார்த்தேன். உண்மைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்ததும் இதையேதான் என்று அந்த நொடியில் தோன்றியது. வேண்டிய முடிவை நானே எழுதி வைத்துக்கொண்டு, அதில் ஆண்டவர் கையெழுத்துப் போடக் காத்திருந்தேன். சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"கோணலா பூட்ச்சா? பரவால்ல. பேத்துட்டு மொதல்லருந்து போடும்மா."

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல். ஒரு டைல்ஸ் வரிசை தப்பினால் அப்பா அம்மாவிடம் சொல்கிற வார்த்தைகள் அவை, அப்படியே. அம்மா நின்றுகொண்டிருந்தார். புடவை பாதி நனைந்திருந்தது. தலை சீவியிருந்தார். ஷேர் ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டு வந்தாராம்.

மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த துண்டு சாக்பீஸை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவுரு வாங்கிக்கிறேன்னு சொன்னாரே. அதான் வந்தேன்" என்றார்.

அன்று மாலை அம்மா ஒரு தட்டு சோறு சாப்பிட்டார். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் சொல்வது இதைத்தான். அப்பா இல்லாத வீடு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் மறுபடி ஜெபிக்கிறேன், முடிவை ஆண்டவரிடம் விட்டுவிட்டு. சாக்பீஸ் அப்பாவின் வேலைப் பையில், அவர் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தின் பக்கத்தில் இருக்கிறது.

நாற்பது நாள் ஆகவில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற அக்கா யாராவது இதைப் படித்தால், எழுந்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உங்களுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்.